தமிழ்ப் பக்கம் திறந்தால் மட்டும் என் ப்ராக்ஸி பாதியில் விழுகிறது, யாராவது பாருங்களேன்

ஈசூன்_இரவுப்பணி
வெள்ளி, இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஜூரோங் பக்கம் ஓர் ஆலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை, வயது 43. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கப் பயிற்சித் தொகையில் பைத்தான் வகுப்பு முடித்து ஐந்து மாதம் ஆகிறது. கற்றது மறந்துவிடக் கூடாதே என்று எந்த நூலகமும் சேர்க்காமல் வெறும் சாக்கெட்டை (இணைப்பின் முனை) வைத்துச் சின்னதாக ஒரு ப்ராக்ஸி சர்வர், அதாவது பிரவுசருக்கும் தளத்துக்கும் நடுவில் நின்று கைமாற்றிவிடும் நிரல், எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு வாரமாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

வீட்டு அமைப்பு இதுதான். மகள் இந்த வருடம் தொடக்கநிலை 6, பிஎஸ்எல்இ தேர்வு எழுதுகிறாள். அவளுக்காகத் தமிழ்ச் சொற்களும் சின்னச் சின்னப் படங்களும் வைத்துச் சில பக்கங்கள் செய்து ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் போட்டிருக்கிறேன். பைத்தானோடு வரும் சாதாரண எச்டிடிபி சர்வர்தான், போர்ட் 8000. ப்ராக்ஸி என் மடிக்கணினியில் 8080-இல் ஓடுகிறது. பிரவுசரில் ப்ராக்ஸி முகவரி கொடுத்துவிட்டுப் பக்கத்தைத் திறக்கிறேன்.

ஆங்கிலப் பக்கம் முழுதாக வருகிறது. தமிழ்ப் பக்கம் கொஞ்சம் வந்து அப்படியே நின்றுவிடுகிறது. திரையில் யூனிகோட்-டீகோட்-எரர், பைட் 224, இடம் 4095, "அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் டேட்டா" என்று வருகிறது. அதே பக்கத்தை மறுபடி திறந்தால் இடம் 1447 என்கிறது, இன்னொரு முறை 2895. ஒரே கோப்பு, நான் எதையும் மாற்றவில்லை, இடம் மட்டும் எப்படி மாறுகிறது என்பதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. ப்ராக்ஸி இல்லாமல் நேரடியாகத் திறந்தால் எல்லாம் சரி.

இங்கே நிரலை ஒட்டினால் இன்டென்ட் கலைந்துவிடுகிறது, அதனால் வாயாலேயே சொல்கிறேன். பிரவுசரிடமிருந்து ரிசீவ் 1024 (1024 பைட் வரை வாங்குவது) ஒரே தடவை. அதை டீகோட் செய்து (பைட்டை எழுத்தாக்கி) முதல் வரியிலிருந்து ஹோஸ்ட் பெயரை எடுக்கிறேன். அந்த ஹோஸ்டுக்கு இணைப்பு, கோரிக்கையை அனுப்புகிறேன். பிறகு ஒரு லூப்: ரிசீவ் 4096, யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் டீகோட், லாக்கில் (பதிவுக் கோப்பில்) எழுதுகிறேன், மறுபடி என்கோட் (எழுத்தைப் பைட்டாக்குவது), பிரவுசருக்கு அனுப்புகிறேன்.

வேறு குறைகளும் உண்டு. படங்கள் வருவதில்லை. எச்டிடிபிஎஸ் தளம் எதுவுமே திறப்பதில்லை. வெளியே உள்ள சாதாரண எச்டிடிபி தளம் திறந்தால் பக்கம் வந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆனால் முதலில் தமிழ். அதற்காகத்தான் இதைத் தொடங்கினேன்.


செம்பவாங்_வயர்
சனி, காலை 12.15

அண்ணே, டீகோட் செய்யும் இடத்தில் எரர்ஸ் என்பதற்கு இக்னோர் (புரியாத பைட்டை விட்டுவிடு) என்று கொடுத்துப் பாருங்கள், நின்றுபோகாது. எனக்கும் ஒரு லாக் படிக்கும் நிரலில் இப்படித்தான் வந்தது, இதைப் போட்டதும் சரியானது.


ஈசூன்_இரவுப்பணி
சனி, காலை 10.05

தம்பி, நிற்காமல் ஓடுகிறது, நன்றி. ஆனால் பக்கம் சரியில்லை. இப்போதுதான் மகள் பார்த்துச் சொன்னாள்: "மாணவி" என்று இருக்க வேண்டிய இடத்தில் "மாணி" என்று இருக்கிறது. கீழே இன்னோர் இடத்தில் ஒரு கொக்கி மட்டும் புள்ளி வட்டத்தின் மேல் தனியாக நிற்கிறது. பக்கத்தின் கடைசியில் பிரவுசர் 'கண்டென்ட் லெங்த் மிஸ்மேட்ச்' என்றும் சொல்கிறது. கோப்பைத் திறந்து பார்த்தேன், அதில் மாணவி என்றுதான் இருக்கிறது.

நின்றுபோனது கூடப் பரவாயில்லை. சொல்லைத் தப்பாகக் காட்டுவதை என்னால் விட முடியாது, பிள்ளை அதைப் பார்த்துத்தான் படிக்கிறாள்.


பொங்கோல்_அக்கா
சனி, காலை 11.30

தம்பி, இக்னோரை உடனே எடுத்துவிடுங்கள். செம்பவாங் தம்பி நல்ல மனதோடுதான் சொன்னார், லாக் படிக்க அது போதும். ப்ராக்ஸிக்கு அது விஷம். பிழை அப்படியே இருக்கிறது, நமக்குச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டது.

நடப்பது இதுதான். யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவது மாறும். "தமிழ்" என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து; கணினிக்கு த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறி, ஆக 15 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரே பைட் என்பதால் எங்கே வெட்டினாலும் எழுத்து உடையாது. தமிழ் உடையும். முழுக்கத் தமிழ் நிரம்பிய உரையைக் கண்ணை மூடிக்கொண்டு ஓர் இடத்தில் வெட்டினால் மூன்றில் இரண்டு முறை ஓர் எழுத்தின் நடுவில்தான் கத்தி விழும்.

அந்தக் கத்தி உங்கள் ரிசீவ். 4096 என்று நீங்கள் சொல்வது "4096 வரை வந்ததைக் கொடு" என்றுதான் பொருள், "சரியாக 4096 கொடு" என்று இல்லை. பைட்டைக் கொண்டுவரும் டிசிபி இணைப்பு குழாய்த் தண்ணீர் மாதிரி, அதில் பக்கம், வரி, எழுத்து என்று எந்தத் தடுப்பும் கிடையாது. அந்த நொடியில் தொட்டியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறதோ அவ்வளவுதான் வாளியில் வரும். உங்கள் எண்களைப் பாருங்கள்: இடம் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படுவதால் 1447 என்றால் 1448 பைட் வந்திருக்கிறது, 2895 என்றால் 2896. அது 1448-இன் இரண்டு மடங்கு. வீட்டு நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட் 1500 பைட். அதில் ஐபி தலைப்புக்கு 20, டிசிபி தலைப்புக்கு 20, நேர முத்திரைக்கு 12 போனால் மீதி 1448. ஒரு தடவை ஒரு பாக்கெட் வந்ததும் எடுத்தீர்கள், ஒரு தடவை இரண்டு, ஒரு தடவை வாளி நிறைந்து 4096. இடம் மாறி மாறி வந்தது அதனால்தான். உங்கள் கோப்பில் ஒரு குறையும் இல்லை.

இனி மாணவிக்கு என்ன ஆனது என்று பாருங்கள். வெட்டு 'வ' என்ற குறியின் நடுவில் விழுந்தது. முன்பாதி ஒரு வாளியின் கடைசியில், பின்பாதி அடுத்த வாளியின் தொடக்கத்தில். இக்னோர் இரண்டு பாதியையும் தூக்கி எறிந்தது. கொக்கி மட்டும் பிழைத்து முன்னால் இருந்த 'ண'-வைப் பிடித்துக்கொண்டது, மாணி ஆகிவிட்டது. மூன்று பைட் குறைந்ததால் சர்வர் சொன்ன நீளமும் வந்து சேர்ந்த நீளமும் ஒத்துப்போகவில்லை. இக்னோருக்குப் பதில் ரீப்ளேஸ் போட்டிருந்தால் உடைந்த துண்டுக்கு ஒரு கறுப்பு வைரக் கேள்விக்குறி வந்து நீளம் கூடிப்போயிருக்கும். இரண்டுமே தப்பு.

படம் வராததும் இதே காரணம். ஜேபெக் கோப்பின் முதல் பைட் 255, யூடிஎஃப்-8-இல் அப்படி ஒரு பைட் வரவே வராது. நாளைக்கு ஜிசிப் சுருக்கத்தோடு ஒரு பக்கம் வந்தாலும் விழும், அதன் இரண்டாவது பைட் 139.

ஆகவே டீகோட், என்கோட் இரண்டையும் அந்த லூப்பிலிருந்து முழுக்க எடுங்கள். வாங்கிய பைட்டை வாங்கியபடியே அனுப்புங்கள். அனுப்பும்போது செண்ட் இல்லை, செண்ட்ஆல். வெறும் செண்ட் பாதி அனுப்பிவிட்டு எத்தனை போனது என்று எண் சொல்லும், அதை நாம் பார்க்காமல் விட்டுவிடுவோம். உள்ளே தமிழா, படமா, பாட்டா என்பது ப்ராக்ஸிக்குத் தேவையில்லாத சேதி. லாக்கில் எழுத வேண்டுமா, எத்தனை பைட் என்று மட்டும் எழுதுங்கள்.

தலைப்பைப் படிக்கத்தான் எழுத்து வேண்டும். அங்கே லாட்டின்-1-இல் டீகோட் செய்யுங்கள். அதில் 0 முதல் 255 வரை ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு குறி உண்டு, எதையும் தொலைக்காமல் திரும்ப பைட்டாக்கலாம்.

கோரிக்கையை ஒரே ரிசீவில் வாங்குவதும் சரியில்லை. 13, 10, 13, 10 என்ற நான்கு பைட் வரும்வரை சேர்த்துக்கொண்டே இருங்கள், அதுதான் தலைப்பு முடிந்த இடம். 64 கிலோபைட் தாண்டினால் இணைப்பை மூடிவிடுங்கள். கோப்புப் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் முகவரியில் ஒவ்வொரு குறியும் சதவீதக் குறியோடு சேர்ந்து 9 இடம் எடுக்கும், "தமிழ்" மட்டுமே 45. குக்கியும் சேர்ந்தால் 1024 எங்கே போதும்? தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டால் எதிர்ப்பக்கத்துச் சர்வர் மீதிக்காகக் காத்துக்கொண்டிருக்கும், நீங்கள் பதிலுக்காகக் காத்திருப்பீர்கள்.


பழைய_சிங்கை
சனி, பிற்பகல் 1.10

அக்கா சொன்னதைப் படித்ததும் பழைய நினைவு வந்துவிட்டது. நா. கோவிந்தசாமி அவர்களின் கணியன் என்ற தமிழ் மென்பொருள் காலத்தில் ஒரு தமிழ்க் குறிக்கு ஒரு பைட்தான். இந்த மாதிரி எழுத்து நடுவில் உடைய வழியே இல்லை. அதற்குப் பதில், எதிரில் இருப்பவரிடம் அதே எழுத்துரு இல்லாவிட்டால் முழுப் பக்கமும் ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகத் தெரியும். அப்போது பட்ட பாடு வேறு, இது வேறு.

ப்ராக்ஸி என்றாலே சிங்கப்பூரில் எங்கள் வயதுக்காரர்களுக்கு 1996 ஞாபகம் வரும். அந்த வருடம் ஒலிபரப்பு ஆணையம் இணையத்துக்கு வகுப்பு உரிம முறையைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு வீட்டு இணைப்புகள் சேவை நிறுவனத்தின் ப்ராக்ஸி வழியாகப் போக வேண்டியிருந்தது. மோடத்தில் பக்கம் வராவிட்டால் முதலில் பிரவுசர் அமைப்பில் ப்ராக்ஸி முகவரி சரியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்போம்.

தம்பி, ஒரு யோசனை. கண்ணால் பார்த்து ஒப்பிட வேண்டாம். கர்ல் என்ற இறக்கும் கட்டளையில் அதே பக்கத்தை ஒரு முறை நேராக இறக்குங்கள், ஒரு முறை சின்ன எக்ஸ் ஆப்ஷனில் ப்ராக்ஸி கொடுத்து இறக்குங்கள். பிறகு சிஎம்பி கட்டளையில் இரண்டு கோப்பையும் கொடுங்கள். எந்த பைட்டில் முதல் வேறுபாடு என்று சொல்லும். வேறுபாடு இல்லையென்றால் ஒன்றும் பேசாது.


ஈசூன்_இரவுப்பணி
சனி, மாலை 5.20

சிஎம்பி ஒன்றும் பேசவில்லை!

அக்கா, ரொம்ப நன்றி. டீகோட் எடுத்ததும் தமிழ், படம் இரண்டும் ஒரே நேரத்தில் சரியாகிவிட்டன. இரண்டும் வேறு வேறு குறை என்று நினைத்து இத்தனை நாள் தனித்தனியாகத் தேடிக்கொண்டிருந்தேன். நான் வேலை செய்யும் இடத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு மேலே போகும் பெட்டியைத் திறந்து பார்க்காது, அடுத்த முனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். நிரலில் அது தோன்றவில்லை.

சரி, அடுத்தது. ராஸ்பெரி பையில் இருக்கும் பக்கம் சட்டென்று முடிந்துவிடுகிறது. வெளித் தளத்தில் பக்கம் முழுக்க வந்த பிறகும் ப்ராக்ஸி லூப்பிலிருந்து வெளியே வருவதில்லை, ஒரு நிமிடம்கூட ஆகிறது, பிறகுதான் அடுத்த பக்கத்தை எடுக்கிறது. வெளித் தளம் மெதுவா?


பொங்கோல்_அக்கா
சனி, மாலை 6.00

தளம் மெதுவில்லை, அது உங்களுக்காக வாசலைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறது.

பைத்தானின் அந்தச் சின்ன சர்வர் தானாகப் பேசுவது எச்டிடிபி 1.0. பதிலை அனுப்பியதும் இணைப்பை மூடிவிடும். அப்போது உங்கள் ரிசீவ் வெறுமையாகத் திரும்பும், லூப் முடியும். வெளித் தளங்கள் 1.1. அதில் இணைப்பைத் திறந்தே வைத்திருப்பதுதான் வழக்கம், அடுத்த கோரிக்கை அதே இணைப்பில் வரட்டும் என்று. அந்தத் தளம் அலுத்துப்போய் மூடும்வரை உங்கள் ரிசீவ் உட்கார்ந்திருக்கும்.

முழுமையான வழி, பதிலின் தலைப்பைப் படித்து கண்டென்ட்-லெங்த் எவ்வளவு, சங்க்டு (துண்டு துண்டாக வரும்) முறையா என்று பார்த்து, பதில் எங்கே முடிகிறது என்று கணக்கிடுவது. 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9112 என்ற இணைய விதி ஆவணத்தில் அது விரிவாக இருக்கிறது, பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி. இப்போதைக்கு எளிய வழி: கோரிக்கையை அனுப்புமுன் பிரவுசர் வைத்த கனெக்ஷன், ப்ராக்ஸி-கனெக்ஷன், கீப்-அலைவ் வரிகளை எடுத்துவிட்டு 'கனெக்ஷன்: க்ளோஸ்' என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். சர்வர் பதில் சொன்னதும் மூடிவிடும். அந்த வரிகள் அந்த ஓர் இணைப்புக்கு மட்டும் உரியவை, ப்ராக்ஸி அவற்றைக் கடத்தக் கூடாது.

இன்னொன்று. ப்ராக்ஸிக்கு வரும் முதல் வரியில் எச்டிடிபி, ஹோஸ்ட் பெயரோடு முழு முகவரியும் இருக்கும். சர்வருக்கு அனுப்பும்போது அதைச் சாய்கோட்டில் தொடங்கும் பாதையாகச் சுருக்கி அனுப்புங்கள். ஹோஸ்ட் வரியை மட்டும் விடாதீர்கள்.


செம்பவாங்_வயர்
சனி, இரவு 9.45

அண்ணே, இக்னோர் சொன்னதற்கு மன்னிக்கவும், எனக்கும் இன்றுதான் புரிந்தது. என்னுடைய லாக் நிரலையும் திருத்தப் போகிறேன்.

எச்டிடிபிஎஸ் நான் சொல்கிறேன், இதை முன்பு நானே எழுதியிருக்கிறேன். பிரவுசர் அங்கே பக்கத்தைக் கேட்கும் 'கெட்' கோரிக்கையை அனுப்பாது. கனெக்ட் என்று தொடங்கி ஹோஸ்ட் பெயர், முக்காற்புள்ளி, 443 என்று ஒரு வரி அனுப்பும். முழு முகவரி இருக்காது, அதனால்தான் உங்கள் ஹோஸ்ட் பிரிக்கும் வரி தடுமாறுகிறது. நீங்கள் அந்த ஹோஸ்டுக்கு டிசிபி இணைப்பு எடுத்துவிட்டு, பிரவுசருக்கு 200 என்ற பதில் வரியை அனுப்ப வேண்டும். அந்தக் கனெக்ட் வரியைச் சர்வருக்கு அனுப்பிவிடாதீர்கள். அதன் பிறகு நீங்கள் வெறும் குழாய். இந்தப் பக்கம் வந்ததை அந்தப் பக்கம், அந்தப் பக்கம் வந்ததை இந்தப் பக்கம்.

சரியாக நடக்கிறதா என்று பார்க்க, 200 அனுப்பியதும் பிரவுசரிடமிருந்து வரும் முதல் மூன்று பைட்டை அச்சிடுங்கள். 22, 3, 1 என்று வந்தால் டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ்-இன் மறையாக்கப்) பேச்சு தொடங்கிவிட்டது.


ஈசூன்_இரவுப்பணி
ஞாயிறு, காலை 7.15

இரவுப்பணி முடித்து வந்து உட்கார்ந்தேன். முதலில் ஒன்றுமே வரவில்லை, பிரவுசர் காத்துக்கொண்டே இருந்தது. 200 வரிக்குப் பிறகு வெற்று வரி விட மறந்திருந்தேன். விட்டதும் 22, 3, 1 வந்தது. எம்ஆர்டியில் தூங்கி வழிந்துகொண்டு வந்தவனுக்கு அதைப் பார்த்ததும் தூக்கமே போய்விட்டது.

ஆனால் அதற்குப் பிறகு நிற்கிறது. பிரவுசரிடமிருந்து வெறுமை வரும்வரை வாங்கி அனுப்புகிறேன், அது முடிந்ததும் சர்வரிடமிருந்து வாங்கி அனுப்பும் லூப். முதல் லூப்பே முடிவதில்லை.


செம்பவாங்_வயர்
ஞாயிறு, காலை 9.30

முடியாது அண்ணே. பிரவுசர் வணக்கம் சொல்லிவிட்டு எதிர்வணக்கத்துக்காக நிற்கிறது, நீங்கள் அது இன்னும் பேசும் என்று நிற்கிறீர்கள். எதிர்வணக்கம் சர்வர் பக்கத்துச் சாக்கெட்டில் வந்து கிடக்கிறது, யாரும் எடுக்கவில்லை.

இரண்டு திசையும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். செலக்ட் போடலாம், உங்களுக்கு த்ரெட் (ஒரே நிரலில் இணையாக ஓடும் பகுதி) எளிது. திசைக்கு ஒரு த்ரெட், ஒவ்வொன்றும் வாங்கு, அனுப்பு, அவ்வளவுதான். ஒரு திசையில் வெறுமை வந்தால் எதிர்ச் சாக்கெட்டின் எழுதும் பக்கத்தை மட்டும் ஷட்டவுன் செய்யுங்கள். முழுக்க க்ளோஸ் செய்தால் மறுதிசையில் இன்னும் வந்துகொண்டிருப்பது அறுந்துபோகும், பெரிய கோப்பு இறக்கும்போது கடைசித் துண்டு காணாமல் போகும். இரண்டு த்ரெட்டும் முடிந்த பிறகு இரண்டு சாக்கெட்டையும் மூடுங்கள். மூட மறந்தால் லினக்ஸில் 1024 கோப்பு எல்லை தொட்டதும் எரர் 24 வரும்.

அப்புறம், அக்செப்ட் செய்த ஒவ்வொரு இணைப்பையும் தனி த்ரெட்டில் விடுங்கள். ஒரு பக்கத்துக்கே பிரவுசர் ஒரே நேரத்தில் பல இணைப்பு எடுக்கும், ஒன்று முடிந்துதான் மற்றது என்றால் வரிசை நகராது. நிரலை நிறுத்தி உடனே ஓட்டினால் எரர் 98 வருகிறதா? பைண்டுக்கு (போர்ட்டைப் பிடிக்கும் வரிக்கு) முன்னால் ரீயூஸ்அட்ரஸ் போடுங்கள்.


ஈசூன்_இரவுப்பணி
ஞாயிறு, இரவு 8.50

எச்டிடிபிஎஸ் திறக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா, செய்தித் தளம், காணொளி எல்லாம் போகிறது. சின்ன வேகக் குறைவு தெரிகிறது, பரவாயில்லை.

ஆனால் பயமாக இருக்கிற ஒன்றைக் கேட்க வேண்டும். பினாங்கில் இருக்கும் என் தம்பி பார்க்கட்டும் என்று மத்தியானம் ரவுட்டரில் 8080-ஐ வெளியே திறந்துவிட்டேன். இப்போது லாக்கில் எனக்குத் தெரியாத முகவரிகளிலிருந்து கனெக்ட் வந்துகொண்டே இருக்கிறது. பல வரிகளில் போர்ட் 25. இது என்ன?


பொங்கோல்_அக்கா
ஞாயிறு, இரவு 8.58

தம்பி, இதைப் படித்ததும் முதலில் ரவுட்டரில் அந்தப் போர்ட்டை மூடுங்கள். மூடிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

25 மின்னஞ்சல் போர்ட். திறந்து கிடக்கும் ப்ராக்ஸியை இணையத்தில் இருபத்து நான்கு மணி நேரமும் தேடிக்கொண்டிருக்கும் நிரல்கள் உண்டு. உங்கள் வழியாகக் குப்பை அஞ்சல் அனுப்பப் பார்க்கிறார்கள். அனுப்பினால் எதிர்ப்பக்கம் பதிவாவது உங்கள் வீட்டு ஐபி முகவரி, கேள்வி வந்தால் உங்கள் வாசலுக்குத்தான் வரும். இன்னொரு ஆபத்து, உங்கள் ப்ராக்ஸி வீட்டுக்குள் இருப்பதால் 192.168 என்று தொடங்கும் முகவரி கேட்டால் உங்கள் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைக்கூட வெளியாளுக்கு எடுத்துக் கொடுத்துவிடும்.

பைண்டில் 0.0.0.0 (எல்லாப் பக்கமும் திற) போட்டிருப்பீர்கள், அதை 127.0.0.1 ஆக்குங்கள். உங்கள் மடிக்கணினியில் உள்ள பிரவுசர் மட்டும் பயன்படுத்தும். கனெக்ட் 443-க்கு மட்டும், மற்றவற்றுக்கு 403 என்று மறுப்பு. உள்வீட்டு முகவரிகளில் ராஸ்பெரி பையின் முகவரியை மட்டும் அனுமதியுங்கள், மற்றதை மறுத்துவிடுங்கள். பெயரைப் பார்த்து மறுக்காதீர்கள், பெயரை ஐபியாக மாற்றிய பிறகு அந்த எண்ணைப் பார்த்து மறுங்கள். வெளிப் பெயர் ஒன்றை உள்முகவரிக்குக் காட்டுவது யாருக்கும் எளிது. தம்பிக்குக் காட்ட வேண்டுமென்றால் திரையைப் பகிர்ந்து காட்டுங்கள்.


ஈசூன்_இரவுப்பணி
ஞாயிறு, இரவு 9.40

மூடிவிட்டேன் அக்கா. ரவுட்டர் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன். 127.0.0.1, 443, பையின் முகவரி மூன்றும் போட்டாயிற்று, லாக் அமைதியாக இருக்கிறது. ஆறு மணி நேரம் திறந்திருந்திருக்கிறது. 25-க்குப் போன இணைப்பில் பாதிக்கு மேல் டைம்அவுட் என்றுதான் லாக் சொல்கிறது, சிலது போயிருக்கிறது. நாளைக்கு இணையச் சேவை நிறுவனத்துக்குப் போன் செய்து நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.


பழைய_சிங்கை
ஞாயிறு, இரவு 9.55

சொல்லிவிடுங்கள், அதுதான் சரி. அந்த லாக்கை அழித்துவிடாதீர்கள், நேரத்தோடு எடுத்து வையுங்கள், கேட்டால் காட்டலாம்.


ஈசூன்_இரவுப்பணி
திங்கள், மாலை 6.30

போன் செய்தேன், குறித்துக்கொண்டார்கள், போர்ட் மூடியிருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். லாக் பத்திரமாக இருக்கிறது.

மகளுக்கு நாளை பள்ளியில் வாய்மொழிப் பயிற்சி. ப்ராக்ஸி வழியாகவே எல்லாச் சொல் பக்கத்தையும் திறந்து காட்டினேன், மொத்தம் 38 பக்கம், எல்லாவற்றையும் சிஎம்பியிலும் ஓட்டினேன், ஒன்றிலும் வேறுபாடு இல்லை. அவள் முதலில் போய்ப் பார்த்தது மாணவி இருக்கிற பக்கத்தைத்தான்.

அடுத்து கண்டென்ட்-லெங்த், சங்க்டு இரண்டையும் ஒழுங்காகப் படித்து இணைப்பைத் திறந்தே வைக்கும்படி எழுதப் பார்க்கிறேன். சங்க்டில் நீளம் பதினாறடிமானத்தில் வருகிறது என்பது வரை படித்திருக்கிறேன். மாட்டிக்கொண்டால் தனி இழை தொடங்குகிறேன், இதைப் பூட்டிவிடலாம்.